தனி அறைக்குக் கூடுதல்

மாட்டுங்கா ஸ்டேஷன் எதிரே, மாடிப்படிக்குக் கீழே
என் மேசை.
ஐரோப்பா பதினொரு நாள், தயிர்சாதம் உண்டு.
இந்த மே மாதக் குழுவில் முப்பத்தொரு பேர்,
பதினாலு சக்கர நாற்காலி.

கோமளவல்லி மேடத்துக்கு எழுபத்தாறு.
எண்பத்தொன்றில் லட்சத்துக்கும் குறைவாய் வாங்கிய வீட்டை
பில்டர் இடித்துக் கட்டுகிறான்.
கைக்கு வந்த காசோலையின் சைபர்களை
நகத்தால் எண்ணினாராம், இரண்டு தரம்.

டிக்கெட்டுக்குப் பேரம் இல்லை.
இன்சூரன்ஸ் தொகையைப் பார்த்ததும்தான்
கண்ணாடியைக் கழற்றினார்.
"இது சுவிஸோட தூரத்துக்கா,
என்னோட வயசுக்கா?"

தனி அறைக்குக் கூடுதல் ஆகும் என்றேன்.
"அவர் இருந்தவரைக்கும்
தாதருக்கே டாக்ஸி கிடையாது"
சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

"பனி மலையிலே எத்தனை படி?"
நாற்பது.
"கீழேயே உட்கார்ந்துக்கறேன்.
காசை முழுசா வாங்கிக்கோ."

ரசீதை நாலாய் மடித்துப் பையில் வைத்தவர்
எழுந்திருக்கவில்லை.
"நீ எங்கெல்லாம் போயிருக்கே?"

வீட்டுக் கடன் இன்னும் பத்தொன்பது வருஷம்.

"அம்பர்நாத்" என்றேன்,
"தினமும். நின்னுகிட்டே."