பதினாலாம் நம்பர்

கொக்குவிலில் நூற்றெட்டு வீட்டுக்குக்
கேபிள் இழுத்தவன் நான்.
பதினாலாம் நம்பரில் லண்டன் வந்தது,
'வெண்பனி' தொலைக்காட்சி.
அங்கை இரவு எட்டெண்டால்
இங்கை சாமம் தாண்டி ஒண்டரை.
இராசமலர் அக்கா முழிச்சிருப்பா.
நடனப் போட்டி பார்க்க இல்லை,
கை தட்டுற சனத்தைப் பார்க்க.

மூண்டாம் வரிசை, தூணோரம், குகப்பிரியன்.
கந்தோரில் வேலையெண்டு சொன்ன மகன்.
செவ்வாய் நீலச் சேட்டு,
வெள்ளியும் அதே நீலச் சேட்டு, மேலை ஒரு கோட்டு.
ஒரு தட்டுக்கு எத்தினை பவுண் எண்டு
அவ ஒருநாளும் கேட்கேல்லை.

முதலிலை முப்பது கதிரை.
பிறகு முந்நூறு,
முகட்டிலிருந்து கொட்டுற வெளிச்சம்,
நகைக்கடை, விமானச்சீட்டு விளம்பரம்.
"சனம் கூடிப்போச்சு தம்பி,
பிள்ளையைக் காணேலை" எண்டா.

அடுத்த வருசம் கதிரையள் குறைஞ்சுது.
விளம்பரத்துக்கு ஒரு மீன்கடை மட்டும்.
போட்ட படத்தையே திருப்பித் திருப்பி.
கடைசியிலை ஏழு பேர்
எழுநூறு பேரின்ரை சத்தத்துக்குத் தட்டிச்சினம்.
திரை நிறைய அவன்ரை முகம்,
மெலிஞ்சு, தாடியோடை.
அண்டைக்கு அக்கா தந்த தேத்தண்ணியிலை
சீனி கூட.

மாசி பதினொண்டு, இரைச்சல்.
முகட்டிலை ஏறி டிஷ்ஷைத் திருப்பினன்.
"வருதோ?"
"புள்ளியாய்க் கொட்டுது."
"இப்ப?"
"அதேதான்."

சமையல் சானல் ஒண்டு கிடைச்சிருக்கு,
பதினாலிலை போடலாம்.
"அதைச் சும்மா விடு தம்பி" எண்டா.
நூற்றேழு வீடும் என்னைப் பேசுது.
அவ மாசக் காசை
முதலாந் தேதிக்கு முந்தியே தந்திடுறா.