வடக்குத் துறை

எங்கள் அலுவலகத்தில் அந்தப் பக்கம்
விரல் எடுக்குமுன் திறந்துவிடும்.
புவெர்த்தோ மோந்த், நான்காம் மாடி,
சுவருக்குள் ஒளியிழை.
ஆகையால் எனக்கு ஒன்றும் தெரியாது.

சிலோயே பக்கத்துத் தீவொன்றில்
ஜூலை மாதத்து விடியாத விடியல்.
இடப்பக்கம் மழை, வலப்பக்கமும் மழை.
தகரக் கூரைக்குக் கீழே நானும் ஒரு பெண்ணும்
அவளுடைய இரண்டு மட்டி மூட்டைகளும்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.
ஈரவிரலை உள்சட்டையில் துடைத்தாள்.
கீறல் விழுந்த கைபேசியில்
அவள் தொட்டது
நான் கட்டிய பக்கம்.

வெள்ளை.

கடவுளே, எத்தனை வெள்ளை.
மூணாவது தடவை, என்றாள்,
என்னிடமில்லை, மூட்டையிடம்.
நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன்.
இருபதில் தலைப்பின் மேல்பாதி.
முப்பத்திரண்டில் ஒரு படகு,
வெயிலில் மினுங்கிக்கொண்டு, கொடியோடு,
மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி வந்தது.
நாற்பத்தொன்றில் அந்த ஒற்றை வரி:
ஓதம் வற்றியதால் இன்று 7.40 படகு
வடக்குத் துறையிலிருந்து புறப்படும்.

மணி 7.38.
வடக்குத் துறை கால்மணி நடை,
மூட்டையோடு என்றால் அரைமணி.

அடுத்த படகு மூன்றுக்கு.
பெயர் எவுதோசியா.
பிளாஸ்க் காப்பியில் பாதியை எனக்கு ஊற்றினாள்,
நான் யாரென்று சொன்ன பிறகும்.
மடிக்கணினியைத் திறந்து
அந்த நாற்பத்தொரு விநாடியைக்
குடல் உருவிப் பார்த்தேன்.

படகுப் படம் நாலாயிரம் புள்ளி அகலம்,
உள்ளங்கையளவு திரைக்கு.
எட்டிப் பார்த்தவள் கேட்டாள்:
படகு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?
எழுத்துரு ஏழு. அவை வந்து சேரும்வரை
சொற்களெல்லாம் உடை மாற்றும் அறையில்.
தேதி காட்ட ஒரு நிரல்தொகுப்பு,
உலகத்து நேர வலயம் அத்தனையும் அதன் வயிற்றில்;
படகுக்கு இருப்பதோ ஒரே கடிகாரம்.
தலைமாட்டில் எட்டு ஸ்கிரிப்ட், வாசலை மறித்துக்கொண்டு.
யார் எங்கே சொடுக்குகிறார்கள் என்று
உளவு பார்க்க அதில் ஒன்று,
சொடுக்க எதுவுமே வந்து சேராத பக்கத்தில்.
எங்கள் சின்னம் நேற்றும் இறங்கியது, முந்தாநாளும்.
வைத்துக்கொள் என்று
யாரும் கைபேசியிடம் சொல்லவில்லை.

நேரம், துறை, ஓதம்:
மூன்றும் சேர்ந்து இரண்டு கிலோபைட்கூட இல்லை.
அவை முன்னே ஓடட்டும்.
ஸ்கிரிப்டுகளுக்குக் கடைசிப் பந்தி.
படங்களே, கண்ணுக்கு எட்டும் தூரம் வந்தபின் இறங்குங்கள்,
அதுவும் இளைத்து.
கைபேசியே, நேற்றைய பட்டியலை உன்னிடமே வை,
சிக்னல் செத்துப்போனால்
இது நேற்றையது என்று சொல்லிவிட்டுக் காட்டு.
எழுத்துரு? உன்னிடம் இருப்பது போதும்.

ரெமிஹியோ சம்மதிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.
அந்தப் படம் அவரே டிரோன் விட்டு எடுத்தது.
பக்கம் மொட்டையாக இருக்கிறதே என்றார்.
ஆமாம் என்றேன்.
அவர் கைபேசியைத் தீவின் வேகத்துக்கு இறக்கி
பழைய பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன்.
பதினெட்டாவது விநாடியில்
காப்பி எடுக்க எழுந்து போனவர்
திரும்பி வந்து அதைப் பற்றிப் பேசவேயில்லை.

ஆகஸ்ட் கடைசிக் கூட்டம். சுவரில் வரைபடம்.
விற்பனைப் பிரிவு மிலேனாவுக்கு ஒரே கவலை:
தீவுக்காரர்கள் யாரும் பக்கத்தில் தங்குவதில்லை,
பார்த்ததும் போய்விடுகிறார்கள்.
உதாரணமாக இது, என்று சுட்டிக் காட்டினாள்.
காலை 6.52. வருகை ஒன்று. தங்கியது இரண்டு விநாடி.

மேசைக்கு அடியில் ஓத அட்டவணையைத் திறந்தேன்.
அன்றைக்கு வற்றம்.
மழைக்குள் இரண்டு மூட்டைகள்
வடக்கே போய்க்கொண்டிருந்தன.