கேட்டது, கொடுத்தது

கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால்,
மீன்கூடைகளைக் கழுவிக் கவிழ்க்கிற சந்தில்
பிலோமினாள் கடை.
கப்பலில் கழற்றிய பித்தளை விளக்கு,
முள் இல்லாத திசைகாட்டி,
தீப்பெட்டிப் படம், செல்லாத நோட்டு,
யாருடையதோ, ஒரு பல்செட்டு.

இங்கே வேண்டியதை முதலில் தொடக் கூடாது.
விளக்கை விசாரித்து,
திசைகாட்டியைக் குறை சொல்லி,
போகிற போக்கில் கேட்க வேண்டும்:
"ஆமா, அது இன்னாக்கா, அந்தக் காசு?"
போணி ஆகுமுன் பாதி விலைக்குக் கேட்டால்
அன்றைக்கு முழுக்க அவள் வாய் மூடாது.
படி இறங்கலாம். மூன்றாவது எட்டில் கூப்பிடுவாள்.
கூப்பிடாவிட்டால் திரும்பக் கூடாது;
அடுத்த வாரம் வரலாம், வேறு சட்டையில்.
நீ சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டாளா,
கைமாற்று வாங்கியாவது எடுத்தாக வேண்டும்.
அப்புறம், இன்னொருவர் பேரம் நடக்கையில்
எச்சில்கூட விழுங்கக் கூடாது.

இந்தக் கடைசி ஒன்று
செவ்வாய்க்கிழமை என் தொண்டையில் நின்றது.

தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவள்
கட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு ஆல்பம் எடுத்தாள்.
"அவரு போயி நாப்பது நாளாவுது.
ஐநூறு குடுத்தீங்கன்னா
மீதி போட்டு கேஸ் வாங்கிடுவேன்."
பிலோமினாள் புரட்டினாள்.
நாலாவது பக்கம். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது,
டேனிஷ்காரன் தரங்கம்பாடியில் அடித்த வெள்ளி.
அதை விரல் தாண்டிப் போன வேகத்தில்
அவளும் பார்த்துவிட்டாள் என்று புரிந்தது.
"முந்நூறு" என்றாள்.

வந்தவள் பேசவில்லை.
பேசத் தெரியாமலா, பேச மனமில்லாமலா.
மூன்று நோட்டையும் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு
பையை மறந்துவிட்டுப் போனாள்.
நான் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலாயிரம்" என்றாள் பிலோமினாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.
எண்ணி வைத்தேன். சீட்டு எடுத்த பணம்.
இந்தப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக
ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் பணத்தைத் தொடவில்லை.
"இன்னாய்யா இது? பேசாம குடுத்தா
அது வெலை இல்ல, ஃபைனு.
எனக்கு ஃபைன் போட
நீ இன்னா போலீஸா, சாமியாரா?
கடை வாடவை ரெண்டு மாசம் நிக்குது, தெரிமா?
கேளு.
ஒரு தபாவாச்சும் கேளு."

"மூவாயிரம்" என்றேன்.
"ஐய, வாய் கூசல?"
"மூணே கால்."
"நாலுல ஒத்த ரூபா கொறையாது."
படி இறங்கினேன்.
மூன்றாவது எட்டில் கூப்பிட்டாள்.
மூன்றரைக்கு முடிந்தது.
இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.
மீதி ஐநூறை என் கையில் வைத்து,
மறந்துபோன அந்தப் பையிலேயே
ஆல்பத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாப் வெளிச்சத்தில் பிரித்தேன்.
ஒவ்வொரு காசுக்குக் கீழும் பென்சிலில்
அந்த மனிதர் கணக்கு எழுதியிருந்தார்.
கேட்டது 40, கொடுத்தது 22.
கேட்டது 15, கொடுத்தது 9, டீ கடைக்காரர் செலவு.
கேட்டது 60, கொடுத்தது 35, மழை.

தரங்கம்பாடி வெள்ளிக்கு மட்டும் மூன்று வரி.
கேட்டது 850.
கொடுத்தது 850.
வீட்டில் சொன்னது 85.

எழுத என்னிடமும் மூன்று எண் இருந்தது.
பென்சில் இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.
துறைமுகத்தில் கன்டெய்னர் எண் குறிக்கிற பேனா
சட்டைப்பையில்தான் இருந்தது.
பஸ் வந்துவிட்டது.