டீசல்

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா கேட்டார்:
வீட்டில் உங்களோடு யார் இருக்காங்க?
டீசல், என்றேன்.
பேனா நின்றது.
நாய், என்றேன்.
அதை எழுதிக்கொள்ளவில்லை.

தங்கச்சிமடம் ஜெட்டியில்
வெட்டிப்போட்ட டீசல் கேனுக்குள்
தலை மாட்டிக் கிடந்த குட்டி.
இழுத்து விட்டேன், அவ்வளவுதான்.
பின்னாலேயே வந்துவிட்டது.

சகாயம் கடலில் விழுந்த இரவுக்குப் பிறகு
நான் சுக்கானைத் தொடவில்லை.
ஊருக்கு அறுபத்தொரு நாள் தடைக்காலம்.
எனக்கு இரண்டாவது வருஷம் ஓடுகிறது.

மாத்திரை தூங்க வைக்கும்.
எழுப்புவது இது.
பாம்பன் பாலத்தில் ரயில் கூவும் முன்னே
ஈர மூக்கை உள்ளங்காலில் வைக்கும்.
சனியனே, என்பேன்.
அன்றைக்கு நான் பேசும் முதல் சொல்.
சில நாள் அது ஒன்றுதான்.

இதற்குச் சாளை வாங்கத்தான்
மறுபடி ஏலக்கூடம் போனேன்.
விலை கேட்க வாயைத் திறக்க வேண்டியிருந்தது.
நாய்க்குத்தானே, என்று ரெஜினாக்கா
கூறுக்கு மேல் இரண்டு போட்டாள்.
அதில் ஒன்றை எனக்குப் பொரித்தேன்.
உப்பு போட மறந்துவிட்டது.
ஆனாலும் தின்றேன்.

குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
கச்சான் காற்று தகரத்தைப் பிடித்து உலுக்கும் ராத்திரிகளில்
அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான்.
எழுந்து உட்காருவேன்.
டீசலும் எழும்.
கடற்கரைப் பக்கம் ஒரு காதைத் திருப்பும்.
வெகுநேரம் கேட்கும்.
பிறகு கொட்டாவி விட்டு
என் கால்மாட்டில் சுருண்டுகொள்ளும்.

நாய்க்குக் கேட்காத குரல்
கடலில் இருக்காது.
நானும் படுப்பேன்.