கழித்தல் குறி

ஜெலுத்தோங் நகல்கடையில்
இரண்டு படிவங்கள், பக்கத்துக்கு இருபது காசு.
ஒன்றில் என் நானூறு மீட்டர்:
ஐம்பத்தேழு புள்ளி மூன்று.
மற்றதில் வேதியியல்:
ஏ, பக்கத்தில் ஒரு கழித்தல் குறி.

இரண்டையும் கூட்டினால்
விடுதிக்கும் கட்டும் என்றிருந்தேன்.
முகப்பிலிருந்த பெண் கண்ணாடியை இறக்கி,
"அது கிடைத்தால்
இதில் பாதி கழியும், லோகாஷினி" என்றாள்.

தொடைத்தசை பிடித்த வாரம்தான்
ஆய்வகத் தேர்வும் வந்தது.
அப்போது யாரும் எதையும் கழிக்கவில்லை.

துண்டு விழுவது ஆயிரத்து நூறு வெள்ளி.
மடியில் ஈரச் சப்பாத்து,
அதன்மேல் தனிம அட்டவணை,
சோடியத்தில் சேறு.

கொம்தாரில் இறங்கும்போது
அடுத்த பேருந்து நகர்கிறது.
ஓடுகிறேன்.
நேரம் குறிக்க ஆளில்லை;
நடத்துநரும் இல்லாத பேருந்து.
கதவு மட்டும்
இன்னும் பாதி திறந்திருக்கிறது.