சுமைகூலி

மார்ச் மாதம் விற்றேன் என் நிசான் மார்ச்சை.
பதினாறு வயது. நீலம் வெளுத்து
பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.
அன்னாசி ஏற்றப் போதும் என்று
சுயாக்கிலிருந்து வந்தவர் ஓட்டிக்கொண்டு போனார்.

காப்பீட்டில் இன்னும் ஏழு மாதம் இருந்தது.
இல்லாத காருக்கு எதற்குக் காவல்?
ரத்து செய்யுங்கள், மீதியைத் தாருங்கள் என்று
ரோஸ் ஹில்லிலிருந்து எழுதிப் போட்டேன்.

பதில் வந்தது, பிரெஞ்சில், மிகவும் மரியாதையாக.
திருப்பவேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.
நிர்வாகக் கட்டணம் ஆயிரத்து நூற்றைம்பது.
ஆவணக் கட்டணம் ஐந்நூற்று எழுபத்தைந்து.
தங்களுக்குச் சேர்வது ஐந்நூற்று எண்பத்தைந்து.

மனதுக்குள் தமிழில் மாற்றும்போது
ஓர் எழுத்து வழுக்கிவிட்டது:
நிர்வாணக் கட்டணம்.
பிள்ளைகள் எழுதியிருந்தால் சுழித்திருப்பேன்.
இதை அப்படியே விட்டுவிட்டேன்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற வரி.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
முக்கால்தான். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் பிசகாமல்.

போன வருடம் கோவிலென் என்ற பையன்
கையைத் தூக்கிக் கேட்டான்,
"டீச்சர், அவ்வளவு சின்னக் காயைத் தூக்க
ஆள் எதற்கு?"
மணி அடித்தது. தப்பித்தேன்.

அதே கேள்வியோடு போர்ட் லூயி போனேன்.
மூன்றாவது மாடி. சீட்டு எண் எண்பத்து நான்கு.
பதினான்காம் பக்கம், ஆறாவது விதி:
'நியாயமான நிர்வாகச் செலவு.'
நியாயமான என்பதன் கீழே சிவப்பு மையில் கோடிட்டு
சன்னலுக்குள் நீட்டினேன்.

உள்ளே இருந்தவர் சட்டையில் மார்தேமூத்து என்றிருந்தது.
மருதமுத்து, என்று எனக்குள் திருத்திக்கொண்டேன்.
என்ன நிர்வகித்தீர்கள், சொல்லுங்கள்.
ஒரு தாள் அச்சடித்தீர்கள். மூன்றாய் மடித்தீர்கள்.
உறையில் வைத்தியலிங்கத்தை வைதலாங்கம் ஆக்கினீர்கள்.
இதில் ஆயிரம் எது, நூற்றைம்பது எது?

"சிஸ்டம் போடுகிறது, மதாம்."
சிஸ்டத்தைக் கூப்பிடுங்கள் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பின்னால் நின்ற கிழவர் சிரித்தார்,
அவரிடமும் ஒரு கடிதம் இருந்தது.

அன்று இரவு என் கட்டணப் பட்டியலை எழுதினேன்.
பஸ், போகவர, மூன்று முறை.
நகல் எடுத்தது, பதினொரு பக்கம்.
அரை நாள் விடுப்பு.
தொலைபேசியில் காத்திருந்தபோது போட்ட வயலின்,
நாற்பத்தொரு நிமிடம்:
இதற்கு என்ன விலை போடுவது?
கோடிட்ட இடமாக விட்டு
நிரப்புக, என்று எழுதி அனுப்பினேன்.

நிரப்பவில்லை.
ஆனால் நல்லெண்ண அடிப்படையில்
ஆவணக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார்கள்.
என் பணம். அவர்கள் நல்லெண்ணம்.

மறுபடி மூன்றாவது மாடி. மறுபடி மருதமுத்து.
மில், சான், சென்காந்த் என்று கிரியோலில் வைத்தார்,
கடைசியில் ஒரு பத்து ரூபாய் நாணயம்.
நானும் எண்ணினேன், விரல் வைத்து, நோட்டைப் பார்த்து:
ஆயிரம். நூறு. ஐம்பது.
நாணயத்துக்கு மட்டும் நானே பத்து என்றேன்.

அவர் கை நின்றது.
"அந்த எழுத்தா வாசித்தீர்கள்?"
ஆமாம்.
"வெறும் ஆயிரம் என்றா போட்டிருக்கிறது?"
வேறென்ன போடுவார்கள்?
"இத்தனை வருடமாக எண்ணுகிறேன்," என்றார்,
"ஏதோ சாமி மந்திரம் என்று நினைத்திருந்தேன்."

நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்,
கள்ளநோட்டு பார்ப்பதுபோல.
உதடு அசைந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

பணத்தைப் பையில் வைத்தேன்.
பேனாவைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள்;
எட்டாத நீளத்துக்குக் குனிந்து
நான்காவது முறையாக அதே படிவம்:
பெயர், முகவரி, இல்லாத காரின் எண்.
இன்னும் ஆயிரத்து நூற்றைம்பது இருக்கிறது,
செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றேன்.

"காலையிலேயே வாருங்கள், மதாம்," என்றார் மருதமுத்து,
"மத்தியானம் கூட்டமாக இருக்கும்."