இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்ஸில் ஏறினால்
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் டிக்கெட் கேட்பார்கள்.
அங்கே அரசாங்கக் கிளினிக்கின் பின்னறையில்
எனக்கொரு குளிர்ப்பெட்டி உண்டு.
புருஷனைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேனாம்,
வீட்டில் புகார்.

காலை எட்டு, மாலை நாலரை.
வெப்பம் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
இரண்டுக்குக் கீழே போனால் தடுப்பு மருந்து உறைந்து சாகும்.
எட்டுக்கு மேலே போனால் சத்தமில்லாமல் சாகும்.
நிறம் மாறாது. வாடை வராது.
கெட்ட மீனுக்கு இருக்கும் நேர்மை
கெட்ட மருந்துக்கு இல்லை.

புதிதாய் வந்த பையன் ஒருநாள்
சிராப் போத்தலை உள்ளே வைத்துவிட்டான்.
நான் போட்ட சத்தத்தில்
முகப்பில் இருந்த காக் ரோஸ்னா எழுந்தே நின்றார்.

வியாழன் இரவு செம்பனைக்கு மேலே இடி இறங்கியது.
ஊருக்கே கரண்டு இல்லை.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
கைப்பேசி அலறி நான் போய்ச் சேர்ந்தபோது
எட்டரை.
அப்போதும் ஓட முடியாது.
ஐஸ் பொதி வியர்க்கும்வரை காத்திருக்க வேண்டும்,
இல்லையென்றால் காப்பாற்ற வந்த குளிரே கொன்றுவிடும்.
டார்ச் வெளிச்சத்தில் அது வியர்ப்பதைப் பார்த்தபடி
நானும் வியர்த்தேன்.
ஒன்பது.

பெட்டிக்கு சீட் பெல்ட் மாட்டி
கோலா சிலாங்கூர் வரை மழையில் ஓட்டினேன்.
‘தனியாக வை. மேலிடம் சொல்லும்வரை தொடாதே’ என்றார்கள்.

விடிந்ததும் லிங்கேஸ் வந்தார், தோட்டத்து டிராக்டர்காரர்.
மடியில் ஒன்பது மாத யஷ்வினி,
கையில் ஊசிப் புத்தகம்.
‘இன்னிக்கு இல்லன்னா எப்டி மிஸ்ஸி?
ஒருநாள் சம்பளம் போச்சு.
ஒரு டிகிரிக்கா?’

ஒரு டிகிரிக்குத்தான்.
வேறு எதைச் சொன்னாலும்
எனக்கே பொய்யாகக் கேட்டிருக்கும்.
நான் மிஸ்ஸி இல்லை என்பதையும் சொல்லவில்லை.

திங்கள் புது மருந்து வந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை.
மறுபடி போட்டேன்.
செவ்வாய், பசியாறும் நேரத்துக்கு முன்பே
வாசலில் மோட்டார் சத்தம்.

குழந்தையைத் தாதியிடம் கொடுக்காமல்
நேரே என் பக்கம் வந்தார்.
‘இன்னிக்கு எத்தன?’
உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன்.
நான்கு புள்ளி இரண்டு.

சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்போல
குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.